முப்பத்தாறாவது ஃபீல்டு

கண்ணு,

நீ பிரேசர் டவுனில் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். அப்பா கார் பெயிண்ட் ஷெட்டுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வந்துவிடுவார். உன் ஹைதராபாத் வண்டி சாயங்காலம். எனக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தவள் இதுவரை மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை குக்கரை இறக்க, ஒரு தடவை காயாத துணியைத் திருப்பிப் போட, ஒரு தடவை எதற்கென்றே தெரியாமல். நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். லைப்ரரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன், நீங்கள் இருவரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவீர்கள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் உன்னை வண்டியேற்றினால், அப்புறம் எப்போதும் சொல்ல மாட்டேன். அந்தப் பயம்தான் என்னை உட்காரவும் விடவில்லை, எழுந்து போகவும் விடவில்லை.

முந்தாநாள் சாப்பாட்டில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். புது வேலைக்கான கம்பெனி மெடிக்கலில் உன் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலில் மேல்பக்கம் பழைய தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் வந்த நோயை ரொம்ப லேட்டாகப் பார்த்திருக்கிறார்கள் என்றாராம். வேலைக்குத் தகுதி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். நீ தட்டைப் பார்த்தபடியே இதைச் சொன்னாய்.

“அதான் பாஸ் பண்ணிட்டாங்களே, விடுப்பா” என்றார் அப்பா.

“எல்லாத்தையும் விட்டுடறதுதானே ஒனக்கு வேலை. அன்னிக்கும் அப்டித்தானே விட்ட? ஒன் பெயிண்ட் நாத்தம் இல்லாத எடத்துல ஒரு நாளாவது மூச்சு விடணும்னுதான்பா நான் ஊர விட்டே போறேன்.”

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது. நான் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருஷமாக நான் நிற்கிற இடம் அதுதான். உன் நோய் முற்றியதற்குக் காரணம் உன் அப்பா இல்லை, நான். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதை எழுதும் தைரியம் அப்போதுதான் வரும்.

போன வாரம் உன் கம்பெனியின் மைக்ராஸ்கோப் கேட்டலாக்கைக் கட்டிலில் விரித்துப்போட்டு, “இதெல்லாம் நீ பாத்திருக்கியாமா?” என்று கேட்டாய். நான் தலையாட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். நீ விற்கவும் பழுது பார்க்கவும் போகிற கருவிகளோடு பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறேன். என் தப்பும் அவற்றில் ஒன்றின் மேல் குனிந்தபோது நடந்ததுதான்.

என் முதல் வேலை ராமநகரம் பக்கத்தில், பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கிற ஓர் இடத்தில். உனக்கு மூன்று வயது. காலையில் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போவேன். அங்கே இருந்தது பல்பு இல்லாத பழைய மைக்ராஸ்கோப். அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். மேகம் வந்தால் வேலை நிற்கும். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பார்ப்போம். அரிசி மணி மாதிரி மின்னுகிற ஒரு கிருமி இருந்ததென்றால் அந்தப் பூச்சி இட்ட முட்டை அத்தனையையும் கொளுத்திவிடுவார்கள், ஏனென்றால் அந்த நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். ஒரு நாளைக்கு எத்தனையோ தாய்களைப் பார்த்தேன். ஒன்றைக்கூடச் சும்மா விட்டதில்லை. சந்தேகம் வந்தால் இன்னொரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. அந்த ஒழுங்கு எனக்குத் தெரியாமல் இல்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் காக்ஸ் டவுன் லேப். இரண்டு கண்ணாலும் பார்க்கிற, பல்பு வைத்த மைக்ராஸ்கோப்பில் அங்கேதான் முதலில் உட்கார்ந்தேன். ரத்தம், சிறுநீர், மலேரியா, சளி எல்லாம் அதில்தான். உன் கேட்டலாக்கில் முதல் பக்கத்தில் சாதாரணமாகப் படுத்திருக்கிறதே, அதேதான். அதை லேசாக நினைத்துவிடாதே, நம் ஊர் லேப்களில் பெரும்பாலான வேலை அதன் முதுகில்தான் நடக்கிறது. நான்கு லென்ஸ். கடைசி லென்ஸுக்கு மட்டும் ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வைக்க வேண்டும். புதிதில் நான் அதை மறந்து நாற்பது மடங்கு பெரிதாக்குகிற லென்ஸைத் திருப்பி எண்ணெயில் முக்கிவிட்டேன். ஷமீம் அக்கா, அந்த லேபில் எனக்கு சீனியர், எட்டிப் பார்த்துவிட்டு, “அரே, லென்ஸுக்கு எண்ண தேச்சு குளிப்பாட்டிட்டியா? இன்னிக்கி தீபாளியா ஒங்க வூட்ல?” என்றார். நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததும் அவரே லென்ஸ் துடைக்கும் தாளை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நீ போகிற லேப்களில் ‘மெஷின் மங்கலாகத் தெரிகிறது’ என்று புகார் வந்தால் பாதி இடங்களில் இதுதான் காரணமாக இருக்கும். கத்தாமல் துடைத்துக் கொடு.

அந்த லேபிலேயே ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் இருந்தது. அதில் உருப்பெருக்கம் குறைவு, ஆனால் பொருளை அப்படியே மேடு பள்ளத்தோடு காட்டும். தோலிலிருந்து எடுத்த பூச்சி, புழு, முள் இவற்றைப் பார்க்க வைத்திருந்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்கு உன்னையும் கூட்டிப்போவேன், மத்தியானம் அப்பா சாப்பாடு கொண்டு வருவார். சட்டைப் பையில் தாளில் மடித்து ஏதாவது கொண்டு வருவார். பழைய காரிலிருந்து சுரண்டியெடுத்த பெயிண்ட் சில்லு. அதை நிறுத்திவைத்து ஓரத்தை அந்த ஸ்டீரியோவில் பார்த்தால் அடுக்கு அடுக்காக நிறம் தெரியும். வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே கருஞ்சிவப்பு.

“எத்தனி சொக்கா மாத்திருக்கு பாரு இந்த அம்பாசடரு” என்பார் அப்பா.

“மொத ஓனரு யாருப்பா?”

“செவப்புக்காரன்தான். கல்யாணத்துக்கு வாங்கிருப்பான்.”

“பச்சக்காரன்?”

“அவனா, கஞ்சன். ரெண்டு கோட்டு அடிக்க வேண்டியத ஒண்ணோட நிறுத்திட்டான் பாரு.”

நீ சிரித்த சிரிப்பில் ஷமீம் அக்கா கதவைச் சாத்தினார். உனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் பெயிண்ட் வாசனை உனக்கு அப்போது நாற்றமாக இல்லை.

இப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், ஜூலை மழையில் இருமல் ஆரம்பித்தது. ஸ்கூல் ஃபுட்பால் டீமில் உன்னைச் சேர்த்த வருஷம். மைதானத்திலிருந்து நனைந்து வருகிறாய், சளி என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது வாரம் அப்பா சொன்னார். அவர்தான் சொன்னார், நான் இல்லை. “புள்ள ராவெல்லாம் இருமறான். மூஞ்சி வாடிப்போச்சு. டாக்டராண்ட காட்டலாம்.” நான், “லேபுல வேல செய்யறவ நானு. நானே பாத்துட்டு சொல்றேன், இருங்க” என்றேன். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர், வெள்ளைக் கோட்டு போட்டவள் நான்.

மறுநாள் காலையில் ஒரு டப்பாவில் உன் சளியை வாங்கிக்கொண்டு போனேன். சளி பரிசோதனைக்கு மூன்று சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் எடுத்தது ஒன்று. ரெஜிஸ்டரில் எழுதவில்லை, நம்பர் போடவில்லை, ஏனென்றால் உன் பெயர் அந்த ரெஜிஸ்டரில் ஏறுவதை நான் விரும்பவில்லை. ஷமீம் அக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றிருந்தது. நம் ஜீவனஹள்ளியில் காசநோய் என்ற வார்த்தை ஒரு வீட்டு வாசலில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நானே சாயம் போட்டேன். சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, மேலே நீலம். கிருமி இருந்தால் நீலத்தின் நடுவில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். எண்ணெய் வைத்துக் குனிந்தேன்.

லென்ஸுக்குள் ஒரே சமயத்தில் தெரிகிற வட்டத்தை ஃபீல்டு என்போம். ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டுமானால் நூறு ஃபீல்டாவது பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி எண்ணுவோம். நீலம், நீலம், நீலம். ஒவ்வொரு நீலத்துக்கும் மனசுக்குள் அப்பாடா என்றேன். முப்பத்தாறாவது ஃபீல்டில், ஓரத்தில், சிவப்பாக ஒன்று இருந்தது. மெல்லிசாக, லேசாக வளைந்து. நான் அதைப் பார்த்தேன். எட்டு வருஷமாக எனக்கே நான் சொல்லிக்கொண்டது ‘சரியாகப் பார்க்கவில்லை’ என்பது. அது பொய். பார்த்தேன். ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் திருப்பினேன், அது போகவில்லை. சாயத்தின் கசடு என்று சொல்லிக்கொண்டேன், கண்ணாடியின் கீறல் என்று சொல்லிக்கொண்டேன். வேறு யாருடைய ஸ்லைடாக இருந்திருந்தாலும் சீனியரைக் கூப்பிட்டிருப்பேன். ஒரே ஒரு குச்சி தெரிந்தாலும் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது, திரும்ப சாம்பிள் கேட்க வேண்டும். நான் ஸ்லைடை எடுத்துக் கிருமிநாசினி டப்பாவில் போட்டுவிட்டேன். முப்பத்தேழாவது ஃபீல்டு பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “ஒண்ணுமில்ல, வெறும் சளிதான்” என்றேன். அப்பா கும்பிடாத குறைதான். “நல்லா பாத்தியா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “நானே பாத்தேங்க” என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வெள்ளைக் கோட்டைச் சந்தேகப்படுவதா என்று நான்தான் கோபப்பட்டிருப்பேன்.

செப்டம்பர் கடைசியில் நீ ரத்தமாக இருமினாய். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்லைடில் ஒவ்வொரு ஃபீல்டிலும் சிவப்பு. எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்த டாக்டர் அதட்டினார். “இரண்டு மாசத்துக்கு மேல ஆயிருக்கு. வீட்ல யாருமே கவனிக்கலையா? அம்மா லேப் டெக்னீஷியன்னு எழுதியிருக்கு, ஒரு சளி ஸ்மியர் கூடவா பாக்கல?” அப்போது அப்பா முன்னால் வந்தார். “அவ எத்தனியோ தபா சொன்னா சார். நாந்தான் சாதா இருமல்னு சொல்லி விட்டுட்டேன். எம்மேலதான் தப்பு.” நீ கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

வெளியே வராந்தாவில் அவரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “நீ பாத்தும் தெரியலன்னு சொன்னா ஒன்ன வேலய விட்டுத் தூக்கிடுவாங்க. அப்புறம் மருந்துக்கும் பாலுக்கும் இன்னா பண்றது?” என்றார். பார்த்தும் தெரியவில்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது என்பதை அவரிடம்கூட இன்று காலைவரை நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். மாத்திரை, ஒரு வருஷப் படிப்பு போனது, ஃபுட்பால் போனது. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ அப்பாவின் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தியதும் அவர் ஷெட்டிலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தார். வந்து இன்னொரு தடவை குளிப்பார். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். பீடியை விட்டார். நான் தடுக்கவில்லை. உன் கோபம் அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தவரை என் பக்கம் வராது என்று ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தேன். அந்த ஸ்லைடை மறைத்தது ஒரு மத்தியானம். இது எட்டு வருஷம்.

மறு வருஷம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் பார்த்தேன். அறை முழுக்க இருட்டு. லென்ஸுக்குள்ளும் இருட்டு. அதில் அதே கிருமி மஞ்சள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பெரிய லென்ஸ்கூட வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒரே பார்வையில் நிறைய இடம் தெரியும், ஆயிரக்கணக்கில் ஸ்லைடு வருகிற இடத்துக்கு அதுதான் சரி. வெளியே வந்தேன். இது அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் சப்பைக்கட்டு என்று புரிந்தது. காக்ஸ் டவுனின் பழைய மைக்ராஸ்கோப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எனக்குக் காட்டிவிட்டது.

உன் கேட்டலாக்கின் மற்ற பக்கங்களும் எனக்குத் தெரியும். சாயம் போடாமல் உயிருள்ள செல்லைக் காட்டுகிற ஃபேஸ் கான்ட்ராஸ்ட், லென்ஸைக் கீழே வைத்துக் குடுவையின் அடியிலிருந்து வளர்கிற செல்களைப் பார்க்கிற இன்வர்டட், மூட்டு நீரில் இருக்கிற படிகத்தைப் பளிச்சென்று காட்டுகிற போலரைசிங். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பொதுமக்களை உள்ளே விட்ட நாளில் வரிசையில் நின்று பார்த்தேன். ஒரு கொசுவின் கண்ணைக் காட்டினார்கள். உலர்த்தி, தங்கப் பூச்சுப் பூசி, காற்றே இல்லாத பெட்டிக்குள் வைத்தால்தான் அது காட்டுமாம். வைரஸின் உருவம் வரை பார்க்கிற இன்னொரு வகையும் உண்டென்றார்கள். மலேரியா பார்க்கிற சின்ன ஊர் லேப்காரன் தலையில் பெரிய மெஷினைக் கட்டிவிடாதே. என்ன நோய் வருகிறது, நாளைக்கு எத்தனை ஸ்லைடு, கரண்ட் எப்படி என்று கேட்டுவிட்டு அப்புறம் கேட்டலாக்கைத் திற. கடைசியாக ஒன்று கேள்: இங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டு ஸ்லைடை யார் படிக்கிறார்கள்? எங்கள் லேபில் இப்போது ஸ்லைடில் பெயர் கிடையாது, நம்பர்தான். ஸ்டாஃப் வீட்டு சாம்பிளை இன்னொரு லேபுக்கு அனுப்புகிறோம். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி மன்றாடியவள் நான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஷமீம் அக்கா படிக்கலாம். நீ போகிற லேப்களில் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு நீ படித்துக் காட்டலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இன்று காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த முப்பத்தாறாவது ஃபீல்டையும். அவர் ரொம்ப நேரம் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவனாண்ட சொல்லப் போறேங்க” என்றேன்.

“பேடா, வேணாம், விடு. ஊருக்குப் போற புள்ளய ஏன் பேஜார் பண்ற? எம்மேல கோவமா இருந்து அவனுக்குப் பழகிப்போச்சு. ஒம்மேல கோவம் வந்தா தாங்க மாட்டான். நீயும் தாங்க மாட்ட.”

“நீங்க தாங்குனீங்களே.”

“நான் பெயிண்டரு. மேல தெறிக்கும், தொடச்சிக்குவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அந்தப் பாவத்த இத்தினி வருஷம் ஒண்டியாவா வெச்சிருந்த?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

என் மேல் நீ கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமோ படு. போன் செய்யாவிட்டாலும் பொறுத்துக்கொள்வேன், எனக்கு அது வர வேண்டியதுதான். மன்னிப்பை இதில் நான் கேட்கவில்லை, கேட்டால் நீ இன்றைக்கே அதைப் பற்றித்தான் யோசிப்பாய். இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

நீ வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன், ஆட்டோ வருமுன் படித்துவிடு. உன்னை வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அப்பா மட்டும்தான் வருவார். ஆட்டோ பிடித்துப் பெட்டியைப் பின்னால் வைப்பார். கைப்பையை மட்டும் சீட்டில், உனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, தான் வெளி ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சட்டை உன் மேல் படக் கூடாதென்று பாதி உடம்பு வெளியேதான் இருக்கும். ஸ்டேஷன் போக அரை மணி நேரமாவது ஆகும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். அந்தப் பையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு, அவரை உள்ளே தள்ளி உட்காரச் சொல்.

அம்மா